போலியா, பேயா, கள்ளமா?

நாகர்கோவில் ஆசிரியர்:
அன்பர்களுக்கு வணக்கம். எம்.எஸ்சி. பிள்ளைகளுக்காகச் சமச்சீர் அணிகளின் (matrix) ஐகன் மதிப்புகளை, அதாவது அணியால் பெருக்கினாலும் அதே கோட்டிலேயே நிற்கும் திசையன் எத்தனை மடங்காகிறது என்ற எண்களை, கணினியில் தேடும் முறைகள் பற்றித் தமிழில் குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். யாக்கோபி முறை (1846) தாண்டியாச்சு, லான்சோஸ் முறையில் (1950) முட்டிக்கிட்டு நிற்கிறேன். ஒன்றுக்கொன்று செங்குத்தான திசையன்களை வரிசையாக உண்டாக்கி, பெரிய அணியைச் சிறிதாக்கித் தேடும் முறை அது. கணினி தசமங்களை வெட்டிவிடுவதால் திசையன்களின் செங்குத்துத்தன்மை கெட்டு, ஏற்கெனவே கிடைத்த மதிப்பே இரண்டாம், மூன்றாம் தடவையும் தலைகாட்டுது. ஆங்கிலத்தில் இதைப் பேய் என்கிறார்கள். நாம் என்ன சொல்ல?

தக்கலை:
போலி. நன்னூல் படித்தவனுக்கு விளக்கமே வேண்டாம். அறம், அறன் என்று வரும்; எழுத்துதான் மாறும், பொருள் மாறாது. இங்கேயும் பத்துப் பன்னிரண்டு தசமம் தாண்டித்தான் வேறுபாடு. கடைசி இலக்கம் மாறுவதால் கடைப்போலி என்றே வைக்கலாம்!

மார்த்தாண்டம்:
அண்ணாச்சி, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் போலி என்றால் போலி டாக்டர்தான். பேய் என்றே இருக்கட்டும். பேய்ப்புடல், பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு எல்லாம் பாருங்க. பார்த்தால் கறிக்காய், வாயில் வைத்தால் கசப்பு. நம்ம பாட்டிமார் எப்பவோ செய்து வைத்த கலைச்சொல் அது.

திருவட்டாறு:
முதலில் 'ஐகன்' எதற்கு? ஜெர்மன் சொல்லுக்குத் 'தன்னுடைய' என்றுதானே பொருள்? தன்மதிப்பு என்க.

தக்கலை:
தன்மதிப்பு என்றால் சுயமரியாதை, ஐயா. அணிக்குச் சுயமரியாதை கணக்கிடுகிறோமா?

குளச்சல்:
சண்டையை நிறுத்துங்க. இங்கே குற்றம் இரண்டு, சொல் ஒன்றைத்தான் தேடுகிறோம். லான்சோஸில் வருவது உண்மையான மதிப்பின் நகல். உண்மை பக்கத்திலேயே நிற்கும். செயலிகளை (போனில் இறக்குகிற செயலி இல்லை; ஒரு சார்பை இன்னொரு சார்பாக மாற்றும் operator) வெட்டிச் சிறு அணியாக்கும்போது வருவது வேறு சங்கதி. −π முதல் π வரை உள்ள சார்பை, 0க்கு இடப்பக்கம் −1ஆலும் வலப்பக்கம் +1ஆலும் பெருக்கும் செயலியை எடுங்க. அதன் நிறமாலையில் (அணிக்கு ஐகன் மதிப்புகளின் தொகுப்பு போல, செயலிக்கு உள்ளது) −1, +1 தவிர எதுவும் கிடையாது. ஃபூரியே அடுக்கில் (சார்பை அலைகளின் கூட்டலாக எழுதுவது) −n முதல் n வரையுள்ள அலைகளை மட்டும் வைத்து வெட்டினால் 2n+1 வரிசை அணி கிடைக்கும். மதிப்புகள் கூட்டல் கழித்தல் சோடியாகவே வரும், எண்ணிக்கையோ ஒற்றைப்படை. ஆக 0 ஒன்று கட்டாயம் உட்கார்ந்திருக்கும். 101 வரிசை என்றாலும் 1001 என்றாலும் போகாது. தசமத்தின் மேல் பழி போட முடியாது; துல்லியமாகக் கணக்கிட்டாலும் வரும். இதைப் போலி என்றால் எதன் போலி? ±1க்குப் பதிலாக 0 வந்து பொருள் மாறாமலா இருக்கு?

நாகர்கோவில் ஆசிரியர்:
அதற்கு 'நிறமாலை மாசு' என்று எழுதி வைத்திருந்தேன்.

குளச்சல்:
மாசு என்றால் பழையாறு ஞாபகம் வருது. கழுவினால் போகும் என்றும் தோணும். இது போகாதே.

மார்த்தாண்டம்:
எங்க விளவங்கோட்டுப் பக்கம் பொய் சொல்கிறவனிடம் 'கள்ளம் பறையாத' (பொய் சொல்லாதே) என்போம். கள்ள நோட்டு, கள்ளச் சாவி வரிசையில் கள்ள மதிப்பு.

திருவட்டாறு:
பாடப்புத்தகத்தில் கள்ளமா?

நாகர்கோவில் ஆசிரியர்:
நேற்று ராத்திரி அனுப்பிவிட்டேன். லான்சோஸுக்குப் போலி மதிப்பு, செயலிக்குக் கள்ள மதிப்பு. ஐகன் ஐகனாகவே இருக்கு. திருவட்டாறு ஐயா பொறுத்தருளணும்.

மார்த்தாண்டம்:
பேய்ப்புடலை நான் விடவில்லை. அடுத்த பதிப்பு எப்போ?