காட்டுவளவு சொந்தங்கள் (குடும்ப குரூப் சாட்): சித்தப்பா ஆபீஸ் கம்ப்யூட்டர்

சித்தப்பா: கவினு கண்ணு, ஃப்ரீயா இருக்கறயா? ஆபீஸ் சிஸ்டம் ஆன் ஆகி பில்லு தொறக்கறதுக்குள்ள போதும்போதும்னு ஆகுது. துணி லோடு ஏத்தி வண்டி நிக்குது, இ-வே பில் போட முடியல.

சுமதி அத்தை: புதுசு ஒண்ணு வாங்கிப்போடுங்ணா.

கவின்: சித்தெ இருங்கத்தை. ஆன் பண்றப்ப கூடவே என்னென்ன எந்திரிக்குதுன்னு மொதல்ல பாத்தரலாம். சித்தப்பா, வண்டிய அனுப்பிட்டு வாங்க.

சித்தப்பா: போயிருச்சு. சொல்லு.

கவின்: வின்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேத்து அமுக்கி, எம்எஸ்கான்ஃபிக்னு இங்கிலீஷ்ல அடிங்க. சர்வீஸ்னா நம்ம கண்ணுக்குத் தெரியாம பின்னால ஓடற புரோகிராம். சர்வீசஸ் டேப்ல, அடியில "ஹைடு ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்"க்கு டிக் போட்டுட்டு, மிச்சத்த போட்டோ எடுத்து அனுப்புங்.

சித்தப்பா: 📷 போட்டோ

கவின்: ரெண்டாவது வரி பாருங், பழைய பிரிண்டரோட அப்டேட் சர்வீஸ். பிரிண்டர எடைக்குப் போட்டாச்சு, இது மட்டும் தெனம் காலைல எந்திரிச்சு அப்டேட் தேடுது. கீழ நாள் முடிஞ்சுபோன ஆன்ட்டிவைரஸ் ஒண்ணு. இந்த ரெண்டையும் செட்டிங்ஸ்ல ஆப்ஸ் போயி அன்இன்ஸ்டாலே பண்ணிருங்.

சுமதி அத்தை: ஒரு வீடியோல அல்லாத்தையும் டிசேபிள் பண்ணச் சொன்னாங்களே கண்ணு?

கவின்: வேண்டவே வேண்டாங்கத்தை. பிரிண்ட் ஸ்பூலர நிறுத்துனா பில்லு பிரிண்ட் வராது. ரிமோட் புரொசீஜர் கால்னு ஒண்ணு இருக்குது, அத நம்பித்தான் ஏகப்பட்ட சர்வீஸ் ஓடுது. வின்டோஸ், ஆர் அமுக்கி services.msc-னு அடிச்சா வர்ற சர்வீசஸ் லிஸ்ட்ல எதை டபுள் கிளிக் பண்ணுனாலும் டிபென்டென்சீஸ் டேப் வரும். எது எத நம்பி இருக்குதுன்னு அதுல பாக்காம கை வெக்கக் கூடாதுங்.

மலர்: சித்தப்பா ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் சிக்னேச்சர் யுஎஸ்பி டோக்கன் குத்தறாரல்ல? அதுக்கு வேணும், ஸ்மார்ட் கார்டு சர்வீஸையும் விட்டுருங்க.

கவின்: கரெக்ட்டுக்கா, நல்லவேளை சொன்ன. பில்லு சாப்ட்வேர் பேர்ல வர்றதையும் தொட வேண்டாம்.

சித்தப்பா: அப்ப பேக்கப் எடுக்கறது ஒண்ணு இருக்குதே? அது வேணும்.

கவின்: அத அதே சர்வீசஸ் லிஸ்ட்ல ஆட்டோமேட்டிக் டிலேய்டு ஸ்டார்ட்டுக்கு மாத்துங். மத்ததெல்லாம் ஏறி சுமார் 2 நிமிஷம் கழிச்சுத்தான் கிளம்பும், அதுக்குள்ள நீங்க பில்லு தொறந்தரலாம். மேனுவல்னு வெச்சா கேக்கறப்ப மட்டும் எந்திரிக்கும். ஒவ்வொண்ணா மாத்துங்க, பழசு என்னவா இருந்துச்சுன்னு நோட்டுல எழுதிக்கங்க.

சித்தப்பா: ஷட்டவுன் பண்ணி ஆன் பண்ணிப் பாக்கட்டுமா?

கவின்: ரீஸ்டார்ட் குடுங்க. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன்ல இருந்தா, ஷட்டவுன் பண்றப்ப சர்வீஸயெல்லாம் அப்படியே டிஸ்க்ல சேமிச்சு வெச்சு திருப்பி எடுக்கும். ரீஸ்டார்ட்லதான் அல்லாமே புதுசா ஏறும், நெஜ நேரம் தெரியும்.

சித்தப்பா: பண்ணிட்டேன். நொம்பத் தேவலை கண்ணு. ஆனா பில்லு தொறக்க இன்னும் இழுக்குது.

கவின்: கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணையும் அமுக்குங். டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் எவ்வளவு காட்டுது?

சித்தப்பா: 100%. செகப்பா இருக்குது.

கவின்: அது பழைய ஹார்டு டிஸ்க்குங்க. சர்வீஸ குறைச்சு அதுக்கு மேல வேகம் கூட்ட முடியாது, எஸ்எஸ்டின்னு வேகமான டிஸ்க் இருக்குது, அத மாத்துனா சரியாயிரும். ஞாயித்துக்கிழமை பல்லடம் வர்றேன். அதுக்குள்ள பில்லு டேட்டாவ பென்டிரைவ்ல காப்பி எடுத்து வெச்சிருங்க.