வீட்டுல போட்ட பேல் ஏல் பீர் 14 நாளாச்சு, அடர்த்தி 1.029-லயே நிக்குது. கீழ ஊத்திடலாமா?

பேஸ்மென்ட்_பீப்பாய்:

வணக்கம் மக்களே. சிகாகோ பக்கம் நேப்பர்வில்ல இருக்கேன், இது என்னோட மூணாவது பேட்ச். மொத ரெண்டும் செப்டம்பர்ல போட்டது, ஒரு வம்பும் இல்லாம வந்துச்சு. இந்த தடவ ஜனவரில போட்டு மாட்டிக்கிட்டேன்.

5 கேலன் கிட். ஒரு பவுண்டு கிரிஸ்டல் 40 மால்ட் தானியத்த துணிப்பைல கட்டி அரை மணி நேரம் சுடுதண்ணில ஊறவெச்சேன், அப்புறம் 6.6 பவுண்டு லிக்விட் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் கலக்கி ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு நடுநடுல கேஸ்கேட் ஹாப்ஸ் (கசப்பும் வாசனையும் தர்ற பூ) போட்டேன், ஆறவெச்சு யுஎஸ்-05 ஈஸ்ட் ஒரு பாக்கெட் மேல தூவி மூடியாச்சு. சக்கரை அளக்கற ரீஃப்ராக்டோமீட்டர்ல 12.9 ப்ரிக்ஸ், அதாவது அடர்த்தி 1.052 (தண்ணி 1.000, சக்கரை ஆல்கஹால் ஆக ஆக இது எறங்கணும்).

மூணு நாள் ஏர்லாக் (மூடில கேஸ வெளிய விடற அடைப்பான்) கடகடன்னு அடிச்சுது, ராத்திரி படில நின்னா மேல வரைக்கும் கேக்கும். அஞ்சாம் நாள் டொக்... டொக்னு ஆயிடுச்சு, ஏழாம் நாள் சுத்தமா நின்னுடுச்சு. சரி முடிஞ்சிருக்கும்னு 14-ம் நாள் தொறந்து ரெண்டு சொட்டு எடுத்து பாத்தா 7.4 ப்ரிக்ஸ், சார்ட்ல போட்டா 1.029! பாதிகூட முடியல. மோந்து பாத்தா பச்சை ஆப்பிள அறுத்து வெச்ச மாதிரி ஒரு வாசனை. பக்கெட் சுவத்துல பழுப்பா நுரை காஞ்சு ஒட்டிருக்கு, மேல பூஞ்சை மாதிரி எதுவும் இல்ல. பேஸ்மென்ட் 58 டிகிரி ஃபாரன்ஹீட்.

கெட்டுப்போச்சா? வீட்டுல வேற "இந்த குளிர்ல என் இட்லி மாவே பொங்கல, உங்க பீர் பொங்கிடுமாக்கும்"னு கிண்டல். கீழ ஊத்தறதுக்கு முன்னாடி கேட்டுக்கறேன்.

ஹாப்ஸ்_மாமா:

பாதில நின்னு ஸ்டக் ஆயிடுச்சு ப்ரோ. இன்னொரு பாக்கெட் ஈஸ்ட் வாங்கி போட்டு நல்லா குலுக்கி விடுங்க, எனக்கும் ஒரு தடவ இப்படி ஆச்சு.

நுரைச்சித்தன்:

குலுக்காதீங்க பாஸ், ப்ளீஸ். இப்ப உள்ள ஆல்கஹால் இருக்கு, குலுக்கினா ஆக்சிஜன் கலந்து ஒரு மாசத்துல ஈர அட்டைப்பெட்டி ருசி வந்துடும். காத்து கொடுக்கறதெல்லாம் ஈஸ்ட் போடற அன்னிக்கு மட்டும்தான்.

அதவிட முக்கியமான விஷயம், உங்க 1.029 அநேகமா நிஜமே இல்ல. ரீஃப்ராக்டோமீட்டர் ஒளி எவ்ளோ வளையுதுன்னு பாத்துதான் சக்கரைய சொல்லுது. வெறும் வோர்ட்ல, அதாவது ஈஸ்ட் வேலைய ஆரம்பிக்காத மால்ட் தண்ணில, அது கரெக்ட்டு. ஆல்கஹால் வந்துட்டா அதுவும் தண்ணிய விட அதிகமா ஒளிய வளைக்கும், கருவிக்கு எது சக்கரை எது சாராயம்னு பிரிச்சு பாக்க தெரியாது, ரெண்டையும் சேத்து சக்கரைன்னே காட்டும். அந்த சார்ட் ஃபெர்மென்ட் ஆகாத வோர்ட்டுக்கு போட்டது. ஆரம்ப ப்ரிக்ஸ், இப்போதைய ப்ரிக்ஸ் ரெண்டையும் போட்டு திருத்தற ஃபார்முலா இருக்கு, உங்க 12.9-யும் 7.4-யும் போட்டா எனக்கு 1.015 வருது. இதுல நானே ஒரு பேட்ச சிங்க்ல ஊத்தினவன், அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன். ஊத்தி ரெண்டு வாரம் கழிச்சுதான் இந்த விஷயமே தெரிஞ்சுது, அந்த வயித்தெரிச்சல் இன்னும் போகல.

அந்த ஃபார்முலாவும் தோராயம்தான். சாதா ஹைட்ரோமீட்டர் (மிதக்கவிட்டு அடர்த்தி பாக்கற கண்ணாடிக் குழாய்) ஒண்ணு வாங்கி அதுல பாருங்க. சாம்பிள ரெண்டு க்ளாஸ்ல மாத்தி மாத்தி ஆத்துங்க, டீ ஆத்தற மாதிரி, கேஸ் போகணும். ஹைட்ரோமீட்டர சிலிண்டர்ல விட்டு ஒரு சுத்து சுத்தி விடுங்க, இல்லன்னா குமிழி அதுல ஒட்டிக்கிட்டு மேல தூக்கி ரீடிங் கூட காட்டும். அளந்தத குடிச்சுடுங்க, திரும்ப பக்கெட்ல ஊத்தாதீங்க.

இன்னொண்ணு, கிட்ல மேல தண்ணி ஊத்தி 5 கேலன் ஆக்கினீங்களா? அத நல்லா கலக்கலன்னா ஆரம்ப ரீடிங்கே தப்பா இருக்கும்.

ஏர்லாக்க வெச்சு முடிவு பண்ணாதீங்க. பக்கெட் மூடி லேசா லீக் ஆனாலே கேஸ் அந்த பக்கம் போயிடும், ஏர்லாக் சும்மா நிக்கும்.

பேஸ்மென்ட்_பீப்பாய்:

அடப்பாவமே, இது தெரியாம போச்சே. தண்ணி நல்லா கலக்கினேன், அதுல டவுட் இல்ல. இன்னிக்கே போய் ஹைட்ரோமீட்டர் வாங்கிட்டு வந்துட்டேன். மொதல்ல விட்டதும் 1.018, நீங்க சொன்ன மாதிரி சுத்தி விட்டதும் பொடிப்பொடியா குமிழி கழண்டு வந்து 1.016-ல நின்னுச்சு. சாம்பிள் ரூம் சூட்டுக்கு வந்த அப்புறம்தான் பாத்தேன்.

அப்ப உயிரோடதான் இருக்கு. ஆனா யுஎஸ்-05-க்கு 1.016 ஜாஸ்திதானே? பச்சை ஆப்பிள் வாசனையும் இருக்கு. பாட்டில்ல அடச்சுடலாமா, வெயிட் பண்ணனுமா?

உழுந்தும்_வாற்கோதுமையும்:

தம்பி, நான் டொராண்டோவில ஸ்கார்பரோ பக்கம் இருக்கிறன், கனகாலமா வீட்டில காய்ச்சிறன். எங்கட பேஸ்மென்டும் தை மாசத்தில உங்கட மாதிரித்தான் விறைச்சுப்போய் கிடக்கும். இப்ப பாட்டில்ல அடைக்காதேங்கோ, சொல்லிப்போட்டன்.

ஏனெண்டா, இன்னும் ஒரு 4 புள்ளி, அதாவது 1.012 மட்டும், இறங்க இடமிருக்கு. ஒரு புள்ளி இறங்கினா ஏறக்குறைய அரை வால்யூம் கேஸ் (ஒரு லிட்டர் பியருக்கு அரை லிட்டர் கேஸ்), 4 புள்ளிக்கு ரெண்டு வால்யூம். அதுக்கு மேல நுரை வரட்டும் எண்டு நீங்கள் பாட்டிலுக்குப் போடுற சீனி வேற, பியரில ஏற்கெனவே கரைஞ்சு கிடக்கிற கேஸோட சேர்த்து ரெண்டரை வால்யூம் கிட்ட வரும். சாதாரண பியர் போத்தல் அதைத் தாங்காது. எனக்கு ஒருக்கா அலுமாரிக்குள்ள மூண்டு போத்தல் வெடிச்சது. கண்ணாடித் துண்டு கதவு மரத்தில குத்திக்கொண்டு நிண்டது, இப்பவும் அந்த அடையாளம் கிடக்கு. பிள்ளையள் பக்கத்தில இல்லாதது புண்ணியம்.

உங்கட ஈஸ்ட் செத்துப்போகேல்ல, குளிரில படுத்திட்டுது. அந்த ஈஸ்டுக்கு 64 பாகைக்கு மேல இருந்தாத்தான் நல்லா வேலை செய்யும். தொடக்கத்தில அது தன்ரை சூட்டிலேயே ஓடும், வேகம் குறைஞ்ச உடனே பேஸ்மென்ட் குளிர் பிடிச்சுக்கொள்ளும், கடைசிக் கொஞ்சச் சீனியைச் சாப்பிடாம அடியில போய்ப் படுத்திடும். அந்தப் பச்சை ஆப்பிள் வாசனைக்கு அசெட்டால்டிஹைட் எண்டு பேர், சீனி அல்ககோல் ஆகிற வழியில நடுவில வாறது. வேலை முடிஞ்சா ஈஸ்டே அதைத் துடைச்சுப்போடும். பழுதெண்டு நினைக்காதேங்கோ.

பெரிய பிளாஸ்டிக் டப் ஒண்டில பாதிக்குத் தண்ணி விட்டு, பக்கெட்டை அதுக்குள்ள இறக்கி, மீன் தொட்டிக்குப் போடுற ஹீட்டரை அந்தத் தண்ணிக்குள்ள போட்டு 68-ல வையுங்கோ. மூடியைத் திறக்காம பக்கெட்டை மெதுவா ஒரு சுழட்டுச் சுழட்டி அடியில கிடக்கிற ஈஸ்டை எழுப்பி விடுங்கோ. குலுக்கிறது வேற, சுழட்டிறது வேற. பிறகு அஞ்சாறு நாள் தொடாதேங்கோ.

சூடேறின உடனே ஏர்லாக் திரும்பத் துடிக்கும், அதைப் பார்த்து ஏமாறாதேங்கோ. குளிர் பியரில கரைஞ்சு கிடந்த கேஸ் சூட்டுக்கு வெளியில வாறதும் அப்பிடித்தான் இருக்கும்.

பேஸ்மென்ட்_பீப்பாய்:

ரொம்ப நன்றிண்ணே. மீன் தொட்டி ஹீட்டர் ஆர்டர் போட்டாச்சு, நாளைக்கு வரும். ஒரு சின்ன டவுட், சிரிக்காதீங்க. வீட்டம்மா இட்லி மாவ லைட் போட்ட ஓவன்ல வெச்சு பொங்க வைக்கறாங்க, இந்த டப்ப பாத்துட்டு "அந்த வெதுவெதுப்பு தண்ணிலயே என் பாத்திரத்தையும் ஒரு ஓரமா இறக்கி வெச்சுக்கறேன்"ங்கறாங்க. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தா பிரச்சனையா?

நுரைச்சித்தன்:

ஹாஹா, உங்க வீட்டுல ஐடியா பலமா இருக்கே. மூடிருக்கற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. ஆனா மாவ பொங்க வைக்கறது பெரும்பாலும் லாக்டிக் பாக்டீரியா, அது பீர்ல எறங்கினா புளிச்சுப்போகும். பெல்ஜியத்துல வேணும்னே பாக்டீரியா விட்டு புளிக்க வெப்பாங்க, உங்க பேல் ஏலுக்கு அது வேணாம். மாவு கரைச்ச கையோட பக்கெட் மூடிய தொறக்காதீங்க, மாவு கரண்டி, சாம்பிள் எடுக்கற குழாய் எல்லாம் தனித்தனியா வெச்சுக்கோங்க. பக்கெட் குழாய் இருந்தா அத கழட்டி உள்ள கழுவுங்க, அழுக்கு ஒளிஞ்சிருக்கறது அங்கதான். அப்புறம் 68 டிகிரி இட்லி மாவுக்கு பத்தாதுன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க, நாளைக்கு இட்லி கல்லா வந்தா பழி உங்க மேலதான் வரும்.

செங்காங்_ஈஸ்ட்:

இங்க சிங்கப்பூர்ல எனக்கு தலைகீழ் பிரச்சனைண்ணே. ஏசி இல்லாத ரூம் 30, 31 செல்சியஸ். முதல் பேட்ச் யுஎஸ்-05-அ அந்த சூட்டுலயே விட்டேன், மூணே நாள்ல முடிஞ்சுடுச்சு, ஒரே குஷி. குடிச்சா நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனை, ஒரு க்ளாசுக்கே மறுநாள் மண்டை வலி. இப்ப நார்வே பண்ணைகள்ல வழிவழியா வெச்சிருந்த க்வெய்க் ஈஸ்ட்தான் போடறேன், வாஸ் வகை 35 டிகிரிலயும் சுத்தமா ஓடும், லேசா ஆரஞ்சு வாசனை வரும். இங்க ஒரு வீட்டுக்கு மாசம் 30 லிட்டர் வரைக்கும் சொந்த உபயோகத்துக்கு பண்ணிக்கலாம், விக்கக்கூடாது. உங்க 58 டிகிரிய பார்சல் பண்ணி அனுப்புங்க, குளிர்ல போடற லாகர் பீர் போட்டுக்கறேன்.

மருதக்காரன்:

நான் ஊர்லதான் இருக்கேன்ணே. க்வெய்க் ஈஸ்ட் சூட்டுக்கு ஆகும்னா மதுரைக்கு அளவெடுத்து தச்ச மாதிரி இருக்கே, ஈஸ்ட் ஆன்லைன்ல வாங்கிக்கலாமா?

நுரைச்சித்தன்:

தம்பி, ஈஸ்ட் கிடைக்கறது இல்ல விஷயம். தமிழ்நாட்டுல 1937 மதுவிலக்கு சட்டம் இன்னும் அமல்ல இருக்கு, லைசென்ஸ் இல்லாம வீட்டுல காய்ச்சினா போலீஸ் கேஸ்தான், ஒரு பாட்டில்னாலும் அதே கதி. அமெரிக்காவுலயே 1978-ல ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்து போட்ட அப்புறம்தான் வீட்டு பீருக்கு வழி பொறந்துச்சு, வயசு வந்த ஆள் தனியா இருந்தா வருஷத்துக்கு 100 கேலன், ரெண்டு பேரோ மேலயோ இருந்தா வீட்டுக்கு 200. கடைசி ரெண்டு மாநிலம் அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-லதான் விட்டுச்சு. நீங்க இப்போதைக்கு படிச்சு வெச்சுக்கோங்க.

பேஸ்மென்ட்_பீப்பாய்:

அப்டேட். ஹீட்டர் போட்டு இன்னியோட ஒன்பது நாள். அண்ணன் சொன்ன மாதிரியே மொத நாள் ஏர்லாக் துள்ளுச்சு, ஆசைப்பட்டு அளந்தேன், அதே 1.016. நாலாம் நாள் 1.013. அப்புறம் 1.012, மூணு நாளா அசையல. ஆப்பிள் வாசனை போயிடுச்சு, இப்ப கேஸ்கேட் மட்டும்தான், எலுமிச்சை தோல நகத்தால கீறின மாதிரி. கணக்கு போட்டா 5.2% வருது.

நாளைக்கு பாட்டில். அடில வண்டல் போக 18 லிட்டர் தேறும், 110 கிராம் சாதா சக்கரை கரெக்ட்டா? கிச்சன் தராசுல பேட்டரி செத்துப்போச்சு, கப் கணக்குல சொன்னா புண்ணியமா போகும்.

உழுந்தும்_வாற்கோதுமையும்:

110 சரி. கொஞ்சத் தண்ணியில கரைச்சுக் கொதிக்க வைச்சு, ஆறின பிறகு பாட்டில் பண்ணுற பக்கெட்டில முதல்ல விட்டு, அதுக்கு மேல பியரை சத்தமில்லாம இறக்குங்கோ.

கப் கணக்குச் சொல்லமாட்டன். அலுமாரிக் கதவை ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ. பேட்டரி வாங்குங்கோ தம்பி.