150 ரூபாய் ஃபைகஸை இப்போதே போன்சாய் தட்டில் வைக்கலாமா?

வேளச்சேரி மாடி:
வணக்கம். ஈசிஆர் பக்கம் ஒரு நர்சரியில் 150 ரூபாய்க்கு ஆல் குடும்பச் செடியான ஃபைகஸ் ஒன்று வாங்கினேன். கறுப்புப் பையில் மூன்றடி உயரத்தில் நிற்கிறது, தண்டு கட்டைவிரல் பருமன், கீழே ஒரு கிளைகூட இல்லை, உச்சியில் மட்டும் கொத்தாக இலை. ஃபைகஸில் மைக்ரோகார்பா என்ற வகை என்று சொல்லிக் கொடுத்தார்கள். கூடவே அடி வேர் கிழங்கு மாதிரி உப்பியிருக்கும் ஜின்செங் ஃபைகஸ் ஒன்று, அது 400. தங்கை பரிசாகக் கொடுத்த போன்சாய் தட்டு ஒன்று சும்மா கிடக்கிறது. நீளமானதை வெட்டிக் குட்டையாக்கி அதில் வைத்துவிடலாமா? எந்த இடத்தில் வெட்டுவது? மண்ணுக்கு அகாடமா (போன்சாய்க்குப் போடும் ஜப்பான் களிமண் குருணை) வேண்டும் என்கிறார்கள், அதன் விலையில் இன்னும் நாலு செடி வாங்கிவிடலாம். மொட்டைமாடியில் காலையிலிருந்து மாலை வரை வெயில். இதில் அம்மா வேறு, ஆல், அரசு குடும்பமெல்லாம் வீட்டில் ஆகாது என்று முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறார்.

செங்கல் சல்லடை:
தட்டைத் துடைத்துப் பரணில் வையுங்கள் தம்பி, இன்னும் மூன்று நாலு வருஷத்துக்கு அதற்கு வேலையில்லை. ஆழமில்லாத தட்டில் வேருக்கு இடம் கிடையாது. வேர் ஓடாவிட்டால் மேலே தழையாது, மேலே தழையாவிட்டால் தண்டு பருக்காது. கட்டைவிரல் பருமனில் தட்டுக்குப் போன செடி அப்படியேதான் நிற்கும், எத்தனை வருஷம் தண்ணீர் ஊற்றினாலும். முதலில் தண்டு, அப்புறம் கிளை, கடைசியில்தான் தட்டு.

இப்போதைக்கு ஓட்டை போட்ட பழைய பிளாஸ்டிக் டப் போதும், ஓர் அடிக்கு மேல் அகலம் இருக்கட்டும், ஆழம் அவ்வளவு வேண்டாம். அகாடமாவெல்லாம் மறந்துவிடுங்கள். கட்டட வேலை நடக்கும் இடத்தில் உடைந்த செங்கல் கேட்டால் சும்மாவே தருவார்கள். சுத்தியலால் தட்டி, இரண்டு சல்லடையில் சலித்து, மிளகிலிருந்து கொண்டைக்கடலை அளவு வரை உள்ளதை மட்டும் எடுங்கள். தூசியைக் கண்டிப்பாகக் கொட்டிவிட வேண்டும், அதுதான் அடியில் போய்ச் சேறாகி வடிகாலை அடைக்கும். செங்கல் மூன்று பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. தேங்காய் நார்க் கழிவை அள்ளிப் போடாதீர்கள், ஐப்பசி, கார்த்திகை மழையில் அது நாள் கணக்கில் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு வேரை அழுகவிடும்.

பையைக் கிழித்ததும் வேர் சுருண்டு கிடக்கும், நர்சரிச் செடிக்கு அது சகஜம். குச்சியால் பிரித்து, நேராகக் கீழே இறங்கும் தடித்த வேரை வெட்டி, பக்கவாட்டில் போகும் வேர்களை விசிறி மாதிரி பரப்பி, அடியில் ஒரு தட்டை ஓடு வைத்து அதன் மேல் உட்கார வையுங்கள். ஓடு இருந்தால் வேர் கீழே போகாமல் பக்கவாட்டில்தான் ஓடும், பின்னால் அடிமரம் அகலமாகத் தெரிவதற்கு இதுதான் அஸ்திவாரம். இதை மாசி, பங்குனியில் செய்யுங்கள், இல்லையென்றால் கத்திரி வெயில் தாண்டட்டும். அம்மாவிடம் ஆலும் அரசும் சுவரைப் பிளக்கும் என்பதால்தான் அந்தப் பேச்சே வந்திருக்கும், தொட்டிக்குள் இருப்பது பிளக்காது என்று சொல்லிப் பாருங்கள். கேட்பாரா என்பது வேறு விஷயம்.

பீளமேடு கலா:
அண்ணன் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, எங்கே வெட்டுவது என்பதை மட்டும் நான் சொல்கிறேன். முதலில் உங்களுடையது மைக்ரோகார்பாதானா என்று பாருங்கள். இலை கொஞ்சம் தடித்து, நுனி ரொம்ப நீளாமல் இருந்தால் அதுதான். மெல்லிய இலை, நுனி கூராக நீண்டு, கிளை தொங்குகிற மாதிரி இருந்தால் பெஞ்சமினா என்ற இன்னொரு ஃபைகஸ் வகை. நர்சரியில் இரண்டையும் ஒரே பெயரில் விற்றுவிடுவார்கள். மைக்ரோகார்பாவை மொட்டைத் தண்டாக வெட்டினாலும் பட்டைக்கு அடியிலிருந்து துளிர்த்துவிடும். பெஞ்சமினாவை அப்படி நம்ப முடியாது, இலையே இல்லாமல் வெட்டிய கிளை பெரும்பாலும் காய்ந்து போகும்.

மைக்ரோகார்பாதான் என்றால் மண்ணிலிருந்து ஐந்தாறு அங்குலத்தில் வெட்டுங்கள். ஆனால் வேரைக் கலைத்த அதே நாளில் வேண்டாம், புது மண்ணில் தெம்பாகத் துளிர்விட்ட பிறகு. வெட்டும் மேல்பகுதியைத் தூக்கி எறிய மனசு வராது. அதற்கு வெட்டுவதற்கு முன்பே விண்பதியம் போடலாம், அதாவது செடியில் இருக்கும்போதே வேர்விட வைப்பது: வெட்ட நினைக்கும் இடத்துக்குச் சற்று மேலே ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈரமான பாசியை (மாஸ்) அப்பி, பிளாஸ்டிக் தாளால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். வெயில் காலத்தில் வேர் சீக்கிரமே வெளியே எட்டிப் பார்க்கும், அப்புறம் அந்த வேருக்குக் கீழே வெட்டித் தனியாக நட்டுவிடலாம். 150 ரூபாய்க்கு இரண்டு மரம்.

வெட்டியதும் வெள்ளைப் பால் வழியும், பயப்படாதீர்கள், ஈரத்துணியால் ஒற்றினால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். துணியில் பட்டால் கறை போகாது, கத்தரிக்கோலையும் உடனே கழுவாவிட்டால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சுற்றிலும் கொத்தாகத் துளிர் வரும். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள ஆசையாக இருக்கும், ஆனால் ஒரே இடத்தில் நாலைந்து கிளை கிளம்பினால் அங்கே தண்டு வீங்கி அசிங்கமாகிவிடும். உச்சிக்கு ஒன்று, பக்கத்துக்கு இரண்டு மூன்று, மற்றதைக் கிள்ளிவிடுங்கள். உச்சிக்கு விட்டதை ஒரு வருஷம் தொடவே கூடாது, அது நாலடி ஓடட்டும், தண்டைப் பருக்க வைப்பது அந்த ஓட்டம்தான். கிளைகளை மட்டும் ஆறேழு இலை வந்ததும் இரண்டு இலைக்கு வெட்டுங்கள்.

கிளையை வளைத்து நிறுத்தச் சுற்றும் கம்பிக்கு அலுமினியம்தான் நல்லது. கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும், சாய்வாகச் சுற்றுங்கள். கட்டுக்கம்பி வேண்டாம், துருப்பிடிக்கும், வளைக்கும்போது பட்டையையும் சீவிவிடும். மழைக்காலத்தில் ஃபைகஸ் வேகமாகப் பருக்கும் என்பதால் வாரம் ஒரு தடவை பாருங்கள், கம்பி பட்டையில் பதிய ஆரம்பித்தால் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள், திருகிக் கழற்றினால் கிளை முறியும்.

நாகர்கோவில் ஆலமரம்:
நான் இதுவரை ஃபைகஸுக்குக் காசு கொடுத்ததே இல்லை. பனைமரத்திலும் பழைய மதில் இடுக்கிலும் பறவை போட்ட விதையில் ஆலும் அரசும் முளைத்துக் கிடக்கிறது, வீட்டுக்காரரிடம் கேட்டால் பிடுங்கிக்கொண்டு போனால் போதும் என்பார். வேர் கல்லிடுக்கில் நசுங்கி வளைந்திருக்கும், அந்த அழகை நர்சரியில் வாங்க முடியாது. ஒரு குறைதான், அரச இலைக்குக் காம்பு நீளம், இலையும் பெரிது, சின்ன மரத்தில் எடுபடாது. ஆலையும் இரண்டடிக்குக் குறையாமல் வளர்த்தால்தான் பார்க்க மரமாக இருக்கும்.

அந்த ஜின்செங் பற்றி யாரும் சொல்லவில்லையே. அந்தக் கிழங்கு உண்மையில் வேர், மேலே இருப்பது ஒட்டுக் கட்டிய சின்ன இலை ரகம். ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் இலை வேறாக இருக்கும், அதைக் கிள்ளாமல் விட்டால் மேலே உள்ளதை அமுக்கிவிடும். என்னைக் கேட்டால் மேலே உள்ளதை மெல்ல மெல்லக் குறைத்துக் கீழ்த்துளிரையே மரமாக்குவேன், ஒட்டுத் தழும்பு தெரியாது.

வேளச்சேரி மாடி:
எல்லோருக்கும் நன்றி. இலையைப் பார்த்தேன், கலா அக்கா சொன்ன முதல் வகைதான். டப் இருக்கிறது, செங்கல்லும் கேட்டு வைத்துவிட்டேன். ஒரு சந்தேகம், உச்சியில் சில இலைகள் இரண்டாக மடிந்து, மேலே கருஞ்சிவப்புப் புள்ளியாக இருக்கிறது. வெயிலாலா?

செங்கல் சல்லடை:
வெயில் இல்லை, இலைப்பேன். மடிந்த இலையை விரித்துப் பாருங்கள், உள்ளே கறுப்பாகப் பொடிசாக ஓடும். மருந்து மடிப்புக்குள் போகாது, அதனால் அந்த இலைகளைப் பறித்துப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், செடியடியில் போடாதீர்கள். அப்புறம் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய இரண்டு சொட்டு சோப்பு, சாயங்காலத்தில் வாரம் ஒருமுறை புதுத்துளிர் மேல் படும்படி அடியுங்கள். இது அடங்கின பிறகு மண் மாற்றுங்கள்.