புதுப்பிப்பு: கீமோ நாள்களில் தூக்கமின்மையும் ஸ்டீராய்டு வேளையும்

புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சை எடுப்பவர்கள் இரவெல்லாம் விழித்துக் கிடப்பதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். ஸ்டீராய்டு மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

வாந்தியைத் தடுக்கத் தரும் டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு, தூக்கத்தைக் கெடுக்கக்கூடியது. அதன் தாக்கம் 36 மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். தினம் இருவேளை என்றால் காலைப் பசியாறலோடு ஒன்று, பிற்பகல் 2 மணிக்குள் இன்னொன்று. மருந்துப் பையில் "தினம் இருமுறை" என்று மட்டும் இருப்பதால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போட்டுவிடுகிறார்கள், கோளாறு அங்கேதான். நேரத்தை மாற்றுமுன் தாதியிடமோ மருந்தாளரிடமோ கேட்டுவிடுங்கள். நீங்களாக நிறுத்தவே கூடாது.

பகல் தூக்கம் 3 மணிக்குமுன் அரை மணி நேரம் போதும். சாயங்காலம் கோப்பிக் கடைத் தே வேண்டாம். படுத்து 20 நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து கூடத்தில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொக்கியதும் படுக்கைக்குத் திரும்புங்கள். தலைசுற்றல் இருந்தால் துணையில்லாமல் எழ வேண்டாம்.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை மாத்திரையைத் தொடாதீர்கள். இரினோடெக்கான், இமாட்டினிப் போன்ற புற்றுநோய் மருந்துகளின் வீரியத்தை அது குறைத்துவிடும்.

நள்ளிரவில் வியர்த்து எழுந்தால் முதலில் வெப்பமானி வையுங்கள். 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கீமோ எடுப்பதை அங்கே முதலிலேயே சொல்லுங்கள்.