டீலர் ஏலத்தில பச்சை லைட்டில எடுத்த கார், முதல் ஓட்டத்திலயே எஞ்சின் லைட் மின்னுது. ஆர்பிட்ரேஷன் (ஏலக்காரரிட்டை முறைப்பாடு) போடலாமா?

ஸ்காபரோ_புதுசு:
அண்ணையாக்கள் ஒரு உதவி. ஓம்விக் (ஒன்டாரியோவில கார் டீலர்மாரைக் கட்டுப்படுத்திற சபை) லைசன்ஸ் எடுத்து எட்டு மாசம்தான், சின்ன யார்டு. போன வியாழன் டீலர் ஏலத்தில ஒன்லைனால ஒரு 2015 நாலு சிலிண்டர் எஸ்யூவி எடுத்தனான் (மேக் சொல்லேல்ல, வித்தவர் இங்கயும் இருப்பார்). 9,400 டொலர், பை ஃபீயும் (வாங்கினவர் ஏலக்காரருக்குக் கட்டுறது) டிரக் காசும் வேற. பச்சை லைட் (எஞ்சின் மாதிரிப் பெரிய சாமான்களுக்கு வித்தவர் பொறுப்பு எண்டு அர்த்தம்), கண்டிஷன் ரிப்போர்ட்டில எஞ்சினைப் பற்றி ஒரு சொல்லில்ல, டாஷ்போர்டு படத்திலயும் ஒரு லைட்டும் எரியேல்ல. சனிக்கிழமை பின்னேரம் இறக்கினவை, இண்டைக்கு திங்கள் காலமை சேஃப்டிக்கு (ரோட்டில ஓடத் தகுதியோ எண்டு பாக்கிற சோதனை) விட முதல் ஒருக்கா ஓடிப் பாப்பம் எண்டு 401ல ஏறி ஓஷவா மட்டும் போய்த் திரும்பேக்க விட்பியில செக் எஞ்சின் மின்னத் தொடங்கீட்டுது, சிக்னலில நிண்டா ஸ்டீயரிங் கைக்குள்ள நடுங்குது. ஸ்கேனரில கோட் பி0302, ரெண்டாம் சிலிண்டர் மிஸ்ஃபயர் (சரியா எரியேல்ல). என்ர மெக்கானிக் "ரெண்டாம் சிலிண்டரில கொம்பிரஷன் (அமுக்கம்) இல்லப்போல, எஞ்சின் ஹெட்டைக் கழட்டுவம்" எண்டு ஸ்பானரோட நிக்கிறார். வித்த டீலருக்கு அடிச்சா "என்ர யார்டால போகேக்க கார் சுப்பர், 600 தாறன், விட்டிடும்" எண்டுறார். 600ஐ வாங்கிறதா, ஆர்பிட்ரேஷன் போடுறதா?

பழைய_யார்டு:
தம்பி முதல்ல மெக்கானிக்கின்ர கையில இருந்து ஸ்பானரை வாங்கு. ஹெட்டைக் கழட்டின நிமிசமே உன்ர கேஸ் முடிஞ்சுது, பிறகு "நீதான் உடைச்சனி" எண்டு ஒரு வரியில மூடிப்போடுவாங்கள். பிளக் கூட மாத்தாதை, வேற ஆருக்கும் விக்காதை, இனி ஓடவும் வேண்டாம். அடுத்தது நாள். ஒவ்வொரு ஏலத்துக்கும் ஒவ்வொரு விதி, உன்ர ஏலத்தின்ர ஆர்பிட்ரேஷன் பொலிசியை எடுத்து, ஒன்லைனில வாங்கினவைக்கு எத்தினை நாள், வித்த நாளில இருந்தா வண்டி வந்த நாளில இருந்தா எண்டு பார். இப்பவே பார், விடியப் பாப்பம் எண்டு படுத்திடாதை.

ஸ்காபரோ_புதுசு:
பாத்தன் அண்ணை, வண்டி கைக்கு வந்து 2 வேலை நாள் எண்டு கிடக்கு. நாளைக்கு பின்னேரம் 5 மணியோட சரி. நெஞ்சு பதறுது.

ஜெர்சி_ரெஞ்ச்:
ப்ரோ நான் நியூஜெர்சில டெக்னீஷியனா இருக்கேன், டீலர் இல்ல. ஸ்கேனர்ல கோட் மட்டும் பாத்துட்டு விட்டுடாதீங்க, லைவ் டேட்டாக்குள்ள போயி "கோட் அழிச்சதுக்கப்புறம் ஓடின தூரம்"னு ஒண்ணு இருக்கும், அதையும் ரெடினஸ் மானிட்டர் (வண்டி தன்னைத்தானே செக் பண்ணி முடிச்சுதான்னு காட்டுறது) பக்கத்தையும் ஃபோட்டோ எடுங்க, ஓடோமீட்டர் தெரியுற மாதிரி இன்னொரு ஃபோட்டோ. ஏலத்துக்கு முந்தி ஸ்கேனர மாட்டி கோட அழிச்சுட்டு ஓட்டிட்டு வர்றது இங்க சர்வ சாதாரணம், லைட் அணைஞ்சுடும், ஆனா மானிட்டர் எல்லாம் "முடியல"ன்னு காட்டிக் குடுத்துடும்.

ஸ்காபரோ_புதுசு:
எடுத்தன். கோட் அழிச்ச பிறகு 101 கிலோமீட்டர். இப்ப ஓடோமீட்டர் 148,306. ஏல ரிப்போர்ட் படத்தில 148,212. அப்ப நான் ஓடினது, டிரக்கில ஏத்தி இறக்கினது எல்லாம் சேர்த்து 94. மிச்சம் 7 கிலோமீட்டர்??

ஜெர்சி_ரெஞ்ச்:
ரிப்போர்ட் படம் எடுக்குறதுக்கு 7 கிலோமீட்டர் முன்னாடி யாரோ அழிச்சிருக்காங்க 😄 அடுத்த தடவை லைட் இல்லாத வண்டியில நிரந்தர கோட் பக்கத்தையும் பாருங்க. 2010க்கு அப்புறம் வந்த வண்டிகள்ல அத ஸ்கேனர் வச்சு அழிக்க முடியாது, வண்டியே ஓடி, கோளாறு இல்லன்னு தானா முடிவு பண்ணினாத்தான் போகும்.

பழைய_யார்டு:
நல்ல வேலை, ஆனா தம்பி அந்த 7 கிலோமீட்டரைப் பிடிச்சுக்கொண்டு "அவன் கள்ளன்" எண்டு எழுதாதை. ஆர்பிட்ரேஷன்காரருக்கு அவன் கள்ளனோ நல்லவனோ தேவையில்ல. அவை பாக்கிறது மூண்டு: ஏலத்தில எந்த லைட்டில போனது, கோளாறை அறிவிச்சவங்களா, திருத்திற செலவு பொலிசியில போட்டிருக்கிற தொகையைத் தாண்டுதா. சும்மா செக் எஞ்சின் லைட்டுக்கு, சென்சருக்கு, தேயிற சாமானுக்கு ஆரும் காசு தரமாட்டாங்கள். கொம்பிரஷன் இல்லாத சிலிண்டர் வேற கதை, அது எஞ்சின். அதால படிவத்தில "எஞ்சின் உள்பக்கக் கோளாறு, ரெண்டாம் சிலிண்டர் மிஸ்ஃபயர், அறிவிக்கேல்ல" எண்டு மட்டும் எழுது. கொம்பிரஷனை அவையின்ர கராஜே பாக்கட்டும்.
600 கதை: அதுக்கு ஓமெண்டு ஒரு டெக்ஸ்ட் அனுப்பினாலும் அதோட கணக்குத் தீர்ந்துது எண்டு போடுவாங்கள். பிறகு உன்ர கஸ்டமருக்கு விக்கேக்க எஞ்சின் திருத்தவேணும் எண்டு பில்லில எழுதவேண்டியது நீ. எழுதாமல் வித்தா ஓம்விக் உன்னட்டைத்தான் வரும், வித்தவனிட்டை இல்ல.

அஜாக்ஸ்_ரவுண்ட்:
இடையில கேக்கிறதுக்கு மன்னிக்கோணும், மஞ்சள் லைட்டெண்டா இதே கேஸ் நிக்குமா?

பழைய_யார்டு:
மஞ்சளில என்ன அறிவிச்சவங்களோ அதுக்குக் கேக்கேலாது, மிச்சத்துக்குக் கேக்கலாம். சிவப்பு எண்டா எஞ்சினே இல்லாமல் வந்தாலும் அழுதுகொண்டு ஏத்திக்கொண்டு போகவேண்டியதுதான் (சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லுறன். ஃபிரேம், ஓடோமீட்டர், மோசமா அடிபட்டது எண்ட சால்வேஜ் பிராண்ட் மாதிரி விசயங்கள் சிலதுக்கு சிவப்பிலயும் வழி இருக்கு, பொலிசியைப் பார்).

ஸ்காபரோ_புதுசு:
அப்டேட். செவ்வாய் காலமை 9:10க்குப் போட்டனான், படம் நாலும் சேர்த்து. வெள்ளி அவையின்ர கராஜ் நாலு சிலிண்டரின்ர கொம்பிரஷனையும் பாத்தது: 175, 80, 170, 175 பிஎஸ்ஐ, ரெண்டாவது மற்றதுகளின்ர அரைவாசியும் இல்ல. வித்தவர் 600ஐ 1,500 ஆக்கினார், பழைய_யார்டு அண்ணை சொன்னது ஞாபகம் இருந்ததால மறுமொழியே போடேல்ல. விற்பனை ரத்து, 9,400உம் பை ஃபீயும் திரும்ப வந்திட்டுது. கொண்டு வந்த டிரக் காசும் தந்தவை, திருப்பி அனுப்பின 160 மட்டும் என்ர தலையில, அதுக்கு இன்னும் ஒரு ஈமெயில் போட்டு வைச்சிருக்கிறன்.
இண்டைக்கு ஏலப் பட்டியலைப் பாத்தா அதே கார் திரும்ப நிக்குது. சிவப்பு லைட், "எஞ்சின் திருத்தவேணும்" எண்டு அறிவிப்பு. 4,900க்குப் போனது.