புதுப்பிப்பு: 'தி வெய்லிங்' படத்தில் அந்த அப்பா மேல் தப்பா?

போன பதிவில் நான் கேட்டது இதுதான்: நா ஹாங்-ஜின் இயக்கிய அந்த 2016 கொரியப் படத்தில், சேவல் மூன்று தடவை கூவும்வரை வீட்டுக்குப் போகாதே என்று வெள்ளை உடைப் பெண் தடுத்தும், விநோத நோய் பிடித்த மகளின் அப்பாவான போலீஸ்காரர் ஜோங்-கூ போய்விடுகிறாரே, அது குற்றமா? (படம் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.)

அவர் வீட்டில் விழுந்த சாவுகள் நம்பிக்கை இல்லாததற்குக் கிடைத்த தண்டனை என்று நிறைய பேர் எழுதியிருந்தீர்கள். மறுபடி பார்த்த பிறகும் எனக்கு அது ஒத்துவரவில்லை. செத்துப்போனவர்களின் உடுப்பு அவள் மேலேயே இருக்கிறது, மகளின் ஹேர்பின் பக்கத்தில் கிடக்கிறது, அதைப் பார்த்த பிறகும் அவளை நம்ப எந்த அப்பாவால் முடியும்?

என்னை உறுத்துவது அதற்கு முன்னால் நடக்கும் பேச்சு. என் மகளுக்கு ஏன் இப்படி என்று கேட்கிறார். நீ ஒருத்தனைச் சந்தேகப்பட்டாய், கொல்லப் பார்த்தாய், கடைசியில் கொன்றும் விட்டாய் என்கிறாள். என் பிள்ளைக்குத்தானே முதலில் நோய் வந்தது என்று அவர் திருப்பிக் கேட்பது நியாயமான கேள்வி, படம் அதற்குப் பதிலே சொல்வதில்லை. ஆனாலும் ஊரில் நடக்கும் சாவுகளுக்குக் காரணம் என்று ஜோங்-கூ சந்தேகப்பட்ட அந்த ஜப்பானியர் வண்டியில் அடிபட்டு விழுந்ததும், நண்பர்களோடு சேர்ந்து உடலைச் சாலையோரப் பள்ளத்தில் தள்ளிவிட்டது இவர்தான். அந்த நேரத்தில் கையில் ஆதாரம் என்று என்ன இருந்தது? அவர் உண்மையிலேயே பேய்தான் என்று பின்னால் தெரிவதால் இந்தக் காரியம் சரியாகிவிடாது, என்னைப் பொறுத்தவரை குற்றம் அங்கேதான்.

அப்புறம், மகளைக் குணப்படுத்த வீட்டார் அழைத்த மந்திரவாதி யார் பக்கம் என்று கேட்டவருக்கு: முடிவில் அவர் பெட்டியிலிருந்து சிதறும், செத்தவர்களின் போட்டோக்களைப் பாருங்கள், அவர் ஜப்பானியர் பக்கம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.