கூட வாசிக்கும் கணினி: உங்கள் அனுபவம் என்ன?

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து:

கோவையில் படிக்கும் என் அக்கா மகன், என் வயலினுக்கு மிருதங்கம் வாசிக்கிற புரோகிராம் ஒன்றை எழுதி லேப்டாப்பில் கொண்டுவந்தான். "மாமா, நீங்க உங்க இஷ்டத்துக்கு வாசிங்க, அது பின்னாலயே வருமுங்க" என்றான். சீராகத் தாளம் தட்டும் தாளமானியோடு சாதகம் செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். தாளமானி நமக்காக நிற்காது, நாம்தான் அதன் பின்னால் ஓட வேண்டும்.

வாசிக்கப்போகும் வர்ணம் என்ற உருப்படியின் ஸ்வரங்களைக் கணினிக்கு முன்பே கொடுத்துவிடுகிறோம். மைக்கில் விழுவதை அதோடு ஒப்பிட்டு, எந்த இடத்தில் இருக்கிறோம் என்று கணினி கண்டுகொள்கிறது. 1984-ல் பாரிஸில் நடந்த கணினி இசை மாநாட்டில் ரோஜர் டானன்பெர்க், பாரி வெர்கோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் தனித்தனியாக முன்வைத்த வழி இது.

மோகன ராக வர்ணத்துக்கு அழகாக வந்தது. வேண்டுமென்றே காலத்தை இழுத்துப் பார்த்தேன், மிருதங்கமும் கூடவே இழுத்தது. சிக்கல் தோடி ராகத்தில்தான். தோடியின் காந்தாரத்தை, அதாவது 'க' ஸ்வரத்தை, யாரும் அசையாமல் நிறுத்துவதில்லை, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைப்போம். கணினி அந்த ஒரு காந்தாரத்தை ரி, ம, ரி, ம என்று நாலு ஸ்வரமாக எண்ணிக்கொண்டு, நான் பல்லவியில் இருக்கும்போதே அடுத்த பகுதியான அனுபல்லவிக்குப் போய்விட்டது. அப்புறம் மாப்பிள்ளை அந்த ஸ்வர நோட்டேஷனை எடுத்துவிட்டு, நான் வாசித்த பதிவையே அதற்கு மாதிரியாகக் கொடுத்தான். அசைவை அசைவோடு பொருத்தியதும் சரியாக வந்தது. கமகம் என்கிற இந்த ஸ்வர அசைவு கணினிக்கு வராது என்று கையை விரிப்பவர்கள் இதை ஒருமுறை கேட்க வேண்டும்.

காங்கேயத்திலிருந்து:

எங்கள் பக்கம் உடுக்கையடிப் பாட்டு. அண்ணன்மார் கதை பாடுகிறவர் எதையும் பார்த்துப் பாடுவதில்லை. கூட்டம் உருகினால் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப இழுப்பார். ஒரு கோயில் நோம்பியில் (திருவிழாவில்) பையன்கள் கீபோர்டில் தாளத்தை ஓடவிட, பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டார். பின்பாட்டுக்காரரோ அவர் வாயையும் தோளையும் பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் மூச்சை இழுக்கும்போதே எங்கே முடிப்பார் என்று இவருக்குத் தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் கிறிஸ்டோபர் ராஃபேல் என்ற ஆய்வாளர் உருவாக்கிய, கூட வாசிக்கும் மென்பொருளும் காதில் விழும்வரை காத்திருப்பதில்லை. ஒத்திகைகளில் கற்றதை வைத்து, அடுத்த ஸ்வரம் எப்போது வரும் என்று கணித்து வாசிக்கிறது. கேட்ட பிறகு வாசித்தால் பிந்திவிடும் அல்லவா? ஆனால் அதற்கும் எழுதிய இசை வேண்டும். எங்களிடம் அது இல்லை.

உங்கள் மாப்பிள்ளை இந்தப் பக்கம் வந்தால் மைக்கோடு ஒரு கேமராவும் கொண்டுவரச் சொல்லுங்க. ராத்திரி முழுக்கக் கதை பாடுவதைப் பதிவு செய்ய நான் ஏற்பாடு பண்ணுகிறேன்.